அட்டாலியில் கிடக்கும் டிவி கேம்: பழைய வீடியோ கேம் சேர்க்கத் தொடங்குபவர்களுக்கு

மார்கழி பாதி தாண்டினால் எங்கள் பக்கம் வீடுகளுக்கு வெள்ளையடிப்பு ஆரம்பித்துவிடும். பொங்கலுக்குக் காப்புக் கட்டுவதற்குள் அட்டாலியில் கிடப்பதெல்லாம் கீழே இறங்கும். பாதியைத் துடைத்து மறுபடி ஏற்றுவார்கள், மீதி பழைய இரும்புக் கடைக்குப் போகும். பழைய வீடியோ கேம் சேர்க்க ஆசைப்படுகிறவருக்கு வருஷத்தில் இதைவிட நல்ல பருவம் கிடையாது. என் முதல் பெட்டி அப்படிக் கிடைத்ததுதான். பல்லடத்தில் பெரியம்மா வீட்டுக்கு ஏணி பிடிக்கப் போனேன். ஒரு மஞ்சள் பைக்குள் டிவி கேம், இரண்டு ரிமோட், ஏழு கேசட். "ஏஞ்சாமி, இதை வெச்சு இனி என்ன பண்ணப் போறே? உங்கண்ணன் பசங்களே திரும்பிப் பாக்கறதில்ல" என்று சொல்லிக்கொண்டே கொடுத்தார். வீட்டுக்குப் பக்கத்திலேயே தறிக்குடோன். பெட்டியைத் திறந்தால் உள்ளே ஒரு கைப்பிடி பஞ்சு.

அதற்கப்புறம் பதினாறு வருஷம் ஓடிவிட்டது. இப்போது சேர்க்கத் தொடங்குகிற தம்பிகளும் தங்கைகளும் கேட்கிற கேள்விகளுக்கெல்லாம் ஒரே இடத்தில் பதில் எழுதி வைக்கலாம் என்றுதான் இது.

எதைச் சேர்ப்பது

இங்கேதான் பலர் முதல் தப்பைச் செய்கிறார்கள். வெளிநாட்டு வீடியோக்களைப் பார்த்துவிட்டு, சீல் பிரிக்காத ஜப்பான் பெட்டிக்கு ஒரு மாதச் சம்பளத்தை அனுப்புகிறார்கள். அதன் மேல் அனுப்பும் செலவு, சுங்க வரி. வந்து சேர்ந்ததும் பிரிக்கவும் மனசு வராது, விளையாடவும் முடியாது.

நிண்டெண்டோ என்ற ஜப்பான் கம்பெனியின் ஃபேமிகாம் என்ற டிவி கேம் 1983 ஜூலையில் அங்கே வந்தது. அதையே உருவம் மாற்றி 1985-இல் அமெரிக்காவில் என்.இ.எஸ். என்று விற்றார்கள். கோயமுத்தூரிலும் ஈரோட்டிலும் 90-களில் நாம் விளையாடியது பெரும்பாலும் இந்த இரண்டும் இல்லை. ஃபேமிகாமைப் பார்த்துச் செய்த நகல்கள் அவை. மீடியா, லிட்டில் மாஸ்டர், டெர்மினேட்டர் 2 என்று வெவ்வேறு பெயர்களில் வந்தன. உள்ளே போகும் கேசட் ஃபேமிகாமின் அதே 60 பின் (விளிம்பில் வரிசையாக இருக்கும் உலோகப் பட்டைகள்) கேசட். என்.இ.எஸ். கேசட்டுக்கு 72 பின், அது இதில் நுழையாது.

என் கட்சி இதுதான்: நம் ஊரில் நிஜமாக ஓடிய பெட்டிகளைச் சேருங்கள். ஒரிஜினல் ஃபேமிகாமைப் பத்திரப்படுத்த உலகம் பூராவும் ஆள் இருக்கிறார்கள். திருப்பூரில் பனியன் கம்பெனி போனஸில் வாங்கிய லிட்டில் மாஸ்டரை யார் எடுத்து வைப்பார்கள்? 'டூப்ளிகேட் தானே' என்று எடைக்குப் போட்டுவிடுவார்கள். அட்டைப் பெட்டி, கேரண்டி சீட்டு, கடை முத்திரை குத்திய பில் இவையெல்லாம் பெட்டியைவிட அரிதாகிவிட்டன. கிடைத்தால் விடாதீர்கள்.

அடுத்த வரிசையில் பிளேஸ்டேஷன் 1, 2. பிளேஸ்டேஷன் 2 உலகிலேயே அதிகம் விற்ற கன்சோல்களில் ஒன்று, 15 கோடிக்கு மேல். அதனால் பெட்டி கிடைப்பது கஷ்டமில்லை, நல்ல நிலையில் கிடைப்பதுதான் கஷ்டம். அதற்கென்று இந்தியாவிலேயே செய்த விளையாட்டுகள் 2009-இல் வந்தன: 'ஹனுமான்: பாய் வாரியர்', அப்புறம் கபடியும் கில்லியும் உள்ள 'தேசி அட்டா'. ஆடிப் பார்த்தால் சுமார்தான். இருந்தாலும் நம் அலமாரியில் இருக்க வேண்டியவை. சேகா கம்பெனியின் மெகா டிரைவ் என்ற பெட்டியை 90-களின் நடுவில், மது வணிகத்துக்குப் பெயர்போன ஷா வாலஸ் நிறுவனம் இந்தியாவில் விற்றது. அந்த விலைக்கு வாங்கிய வீடுகள் குறைவு என்பதால், எஸ்டேட் பங்களா, மில் முதலாளி வீடு என்று தேடினால்தான் உண்டு. கையில் வைத்து ஆடும் செங்கல் கேமும் மறக்க வேண்டாம். இன்றைக்கும் அதை வைத்துத்தான் மலிவாகத் தொடங்கலாம்.

எங்கே தேடுவது

முதலில் சொந்தக்காரர் வீடு. அடுத்து பழைய இரும்புக் கடை. மூன்றாவதாக, பழைய டிவி மெக்கானிக் கடைகள். ரிப்பேருக்கு வந்து யாரும் திரும்ப எடுக்காத பெட்டி அங்கே மேல் தட்டில் இருக்கும். மெக்கானிக் அண்ணனிடம் டீ வாங்கிக் கொடுத்துப் பேசுங்கள், பெட்டியோடு பாடமும் கிடைக்கும். கோயமுத்தூர்க்காரர்கள் உக்கடம் பக்கத்துப் பழைய சாமான் கடைகளை ஒரு ஞாயிறு நடந்து பார்க்கலாம்.

விலை கேட்கும் விதம் ஒன்று இருக்கிறது. பெட்டியைப் பார்த்ததும் முகம் மலர்ந்தால் விலையும் மலர்ந்துவிடும். பக்கத்தில் கிடக்கும் ரேடியோவைக் கையில் எடுத்து, "இது எவ்வளவுங்ணா?" என்று ஆரம்பித்து, போகிற போக்கில் டிவி கேமைக் கேளுங்கள். "எடைக்கு வந்ததுங் தம்பி, நீங்களே பாத்துக் குடுங்க" என்பார். அப்போது அநியாயமாக அடித்துக் கேட்காதீர்கள். அடுத்த பெட்டி வரும்போது அவர் உங்களுக்குப் போன் செய்ய வேண்டும்.

ஆன்லைனில் வாங்கினால், மதர்போர்டின் படம் கேளுங்கள். முக்கியமாக, நிண்டெண்டோவின் கையில் வைத்து ஆடும் பெட்டியான கேம்பாயின் கேசட்டுகளுக்கு. போக்கிமான் கேசட்டுகளில் போலிகள் மலிந்து கிடக்கின்றன. ஒரிஜினலின் போர்டில் நிண்டெண்டோ பெயர் அச்சாகியிருக்கும், லேபிளில் அழுத்திப் பதித்த எண் மங்கலாகத் தெரியும். திறந்து காட்ட மாட்டேன் என்கிறவரிடம் வாங்க வேண்டாம். நிண்டெண்டோ, சேகா கேசட்டுகளின் திருகு சாதாரண ஸ்க்ரூடிரைவருக்கு அசையாது. அதற்கென்றே 3.8 மி.மீ. பிட் இருக்கிறது, சில கன்சோல்களுக்கு 4.5. இரண்டையும் சேர்த்து வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். நகல் கேசட்டுகளுக்கு அந்தக் கவலை இல்லை, நகத்தாலேயே பிரிகிறவையும் உண்டு.

கரண்ட் கொடுக்கும் முன்

கொஞ்சம் நிதானமாகப் படியுங்கள். பழைய பெட்டிகள் செத்துப்போவது வயதானதால் என்பதைவிட, ஆசையில் யாரோ பொருந்தாத அடாப்டரைச் சொருகியதால்தான் அதிகம். நானும் ஒன்றைக் கொன்றிருக்கிறேன்.

ஜப்பானில் வீட்டு மின்சாரம் 100 வோல்ட், அமெரிக்காவில் 120, நமக்கு 230. அங்கிருந்து வந்த பிளேஸ்டேஷன் 1-ஐ நேராக நம் பிளக்கில் சொருகினால் ஒரு சத்தம், கொஞ்சம் புகை, அவ்வளவுதான். வோல்ட்டைக் குறைத்துக் கொடுக்கும் ஸ்டெப்-டவுன் டிரான்ஸ்ஃபார்மர் வேண்டும். பெட்டியின் அடியில் ஒட்டியிருக்கும் லேபிளைப் படிக்காமல் எதையும் சொருகாதீர்கள்.

அடுத்தது அடாப்டர். ஃபேமிகாமுக்கு 10 வோல்ட் டிசி, அதுவும் முனையின் நடுப்பகுதி நெகட்டிவ். இன்று கடையில் கிடைக்கும் அடாப்டர்களில் பெரும்பாலும் நடு பாசிட்டிவ். அமெரிக்க என்.இ.எஸ். அடாப்டரோ வெளியே விடுவது 9 வோல்ட் ஏசி. மூன்றின் முனையும் கிட்டத்தட்ட ஒன்றுபோலவே இருக்கும், நுழையவும் செய்யும். நான் கொன்ற பெட்டி இப்படித்தான் போனது. நம் ஊர் நகல்களில் பெரும்பாலும் 9 வோல்ட் டிசி. ஆனால் எந்தப் பக்கம் நெகட்டிவ் என்பது பெட்டிக்குப் பெட்டி மாறும். ஒரு மல்டிமீட்டர் வாங்குங்கள். மோட்டார் கட்டும் கடை இல்லாத தெருவே நம் பக்கம் குறைவு. மீட்டர் வைக்கத் தெரியாவிட்டால் அங்கே ஐந்து நிமிஷத்தில் சொல்லிக்கொடுப்பார்கள்.

அப்புறம் பெட்டியைத் திறந்து பாருங்கள். தறி ஓடுகிற ஊர்களான சோமனூர், பல்லடம் பக்கத்துப் பெட்டி என்றால் பஞ்சு இருக்கும், பெயிண்ட் பிரஷ்ஷால் தட்டி எடுங்கள். கரூர்ப் பக்கத்துப் பெட்டியில் புழுதி. தோட்டத்து வீடு என்றால் கரப்பான், எறும்புப் புற்று, பல்லி முட்டை. எறும்பு கூடு கட்டிய போர்டில் ஈரம் தங்கிப் பச்சை பூத்திருக்கும். அதை ஐசோபுரொப்பைல் ஆல்கஹால் தொட்ட பல்துலக்கும் பிரஷ்ஷால் தேய்த்தால் பெரும்பாலும் போய்விடும். செல்போன் ரிப்பேர்க் கடைகளில் இதை ஐபிஏ என்று கேட்டால் தெரியும்.

நகல் பெட்டியின் போர்டில் மூன்று கால் உள்ள ஒரு கறுப்புத் துண்டு தகரத் தகட்டோடு நிற்கும், மேலே 7805 என்று எழுதியிருக்கும். வரும் 9 வோல்ட்டை 5 வோல்ட்டாக்கிக் கொடுப்பது அதுதான். எழுத்து உங்களைப் பார்த்திருக்கும்படி பிடித்தால், இடது கால் உள்ளே வருவது, நடுக்கால் கிரவுண்ட், வலது கால் வெளியே போவது. சரியான அடாப்டரைச் சொருகிவிட்டு, நடுக்காலில் மீட்டரின் கறுப்பு முள், வலது காலில் சிவப்பு முள் வையுங்கள். மீட்டர் 5-ஐ ஒட்டிக் காட்டினால் மின்சாரப் பகுதி உயிரோடு இருக்கிறது. ஒன்றுமே காட்டவில்லை, இடது காலில் மட்டும் 9 இருக்கிறது என்றால் அந்த ஒரு துண்டை மாற்றினாலே பெட்டி எழுந்துவிடலாம். மலிவான சாமான், எலக்ட்ரானிக்ஸ் கடைகளில் கிடைக்கும். அது சூடாவது இயல்பு, பயப்படாதீர்கள், தொட்டும் பார்க்காதீர்கள்.

ஊரில் போர் மோட்டார் போட்டால் லைட் மங்குகிற வீடுகள் இன்னும் இருக்கின்றன. அந்த வீட்டில் பிளேஸ்டேஷன் 2 ஆடினால் ஸ்டெபிலைசர் வைத்துக்கொள்ளுங்கள். மெமரி கார்டில் சேவ் ஆகிற அந்த இரண்டு வினாடியில் கரண்ட் துள்ளினால், மூன்று மாத ஆட்டம் போச்சு.

கேசட்டை ஊதாதீர்கள்

படம் வரவில்லை என்றால் கேசட்டை எடுத்து ஊதிவிட்டு மறுபடி சொருகுவோம், உடனே வந்துவிடும். ஊதியதால் வந்தது என்று நம்பினோம். வந்தது, எடுத்துச் சொருகியதில் பின் வேறு இடத்தில் பட்டதால். ஊதும்போது போகிற எச்சில் ஈரம் செம்பில் உட்கார்ந்து நாளாவட்டத்தில் அரிக்கத்தான் செய்யும்.

செய்ய வேண்டியது எளிது. காது குடையும் பஞ்சுக் குச்சியை ஐபிஏவில் தொட்டு, கேசட்டின் உலோகப் பின்கள் மேல் அவற்றின் நீளவாக்கில் தேயுங்கள், குறுக்கே வேண்டாம். முதல் குச்சி கரியாக வரும். மூன்றாவது, நாலாவது குச்சி வெள்ளையாக வரும்வரை செய்யுங்கள். பத்து நிமிஷம் காயவிட்டுச் சொருகுங்கள். ரப்பர் போட்டுத் தேய்ப்பது கடைசி வழி. நகல் கேசட்டுகளில் முலாம் மெல்லிசு, இரண்டு தடவை தேய்த்தால் செம்பு பல்லிளிக்கும்.

பிரித்த கேசட்டுக்குள் பார்த்தால் ஏமாற்றமாக இருக்கும். அவ்வளவு பெரிய கூட்டுக்குள் தீப்பெட்டி அளவுப் போர்டு, அதன் நடுவில் தார் சொட்டியது போல ஒரு கறுப்புப் பொட்டு. '9999999 இன் 1' என்று அச்சடித்த கேசட்டிலும் அதுதான். பட்டியலை இறக்கிப் பாருங்கள்: அதே மரியோ, ஒரு தடவை முதல் கட்டத்திலிருந்து, இன்னொரு தடவை மூன்றாம் கட்டத்திலிருந்து. பத்துப் பதினைந்து விளையாட்டுகளையே பெயர் மாற்றி அடுக்கியிருப்பார்கள். சின்ன வயதில் கடைசி நம்பரில் என்ன இருக்கிறது என்று பார்க்க ஒரு மதியம் பூராவும் கீழ் பொத்தானை அழுத்தியவன் நான்.

கிடைத்தால் தனியாக வைக்க வேண்டிய கேசட், ஓடிக்கொண்டே சுடும் ஆட்டமான காண்ட்ரா. ஃபேமிகாமுக்கு 1988-இல் வந்த ஜப்பான் பதிப்பில் முதல் கட்டத்து மரங்கள் காற்றில் ஆடும், பனிக்கட்டத்தில் பனி விழும். அமெரிக்கப் பதிப்பில் இரண்டும் இல்லை. உங்கள் கேசட் எந்தப் பதிப்பிலிருந்து நகலெடுத்தது என்று ஆடத் தொடங்கிய உடனேயே தெரிந்துவிடும். ரிமோட்டைச் சோதிக்கவும் நான் காண்ட்ராவைத்தான் போடுவேன். முகப்பில் மேல் மேல், கீழ் கீழ், இடம் வலம் இடம் வலம், பி, ஏ, ஸ்டார்ட். 30 உயிர் வந்தால் செலக்ட் தவிர எல்லாப் பொத்தானும் சரி. வராவிட்டால் ரிமோட்டைப் பிரித்து உள்ளே இருக்கும் கறுப்பு ரப்பரையும் அது படுகிற இடத்தையும் துடையுங்கள். அப்போதும் ஆகவில்லை என்றால் வயர், ரிமோட்டுக்குள் நுழைகிற கழுத்தில் உள்ளுக்குள் அறுந்திருக்கும்.

எந்த டிவியில் ஆடுவது

புது டிவியிலும் ஆடலாம். மஞ்சள், வெள்ளை முனை போகிற ஏவி துளை இருந்தால் போதும். ஆனால் சில பெட்டிகளோடு வரும் விளையாட்டுத் துப்பாக்கி வேலை செய்யாது. வாத்து சுடும் ஆட்டமான டக் ஹண்ட்டில் நீங்கள் விசையை அழுத்தியதும் திரை ஒரு கணம் முழுக்கக் கறுப்பாகி, வாத்து இருந்த இடத்தில் மட்டும் வெள்ளைச் சதுரம் வரும். துப்பாக்கியின் குழாய்க்குள் இருக்கும் கண் அந்த வெளிச்சத்தைப் பார்த்தால் வாத்து விழும். இரண்டு வாத்து என்றால் இரண்டு சதுரம், ஒன்றன்பின் ஒன்றாக. அந்தக் கண், படக்குழாய் டிவி வரி வரியாக வரையும் துடிப்புக்கென்றே செய்தது. எல்இடி டிவியில் அந்தத் துடிப்பும் இல்லை, படமும் கொஞ்சம் தாமதமாக வரும். ஆகவே வாத்து சிரித்துக்கொண்டே பறந்துவிடும். (ஒரு வாத்து ஆட்டத்தில் இன்னொரு ஆள் ரிமோட்டைப் பிடித்து வாத்தை ஓட்டலாம். அண்ணன் தம்பி சண்டைக்கு இதைவிட நல்ல வழி இல்லை.)

படக்குழாய் டிவிக்கு எங்கே போவது? 2006 தேர்தலுக்குப் பிறகு தமிழக அரசு வீட்டுக்கு வீடு கொடுத்த 14 இஞ்ச் கலர் டிவியைத் தேடுங்கள். பல வீடுகளில் இன்னும் அட்டாலியில்தான் இருக்கிறது. இந்தப் பெட்டிகளுக்கு அந்த அளவு கச்சிதம், இரண்டு பேர் பாயில் உட்கார்ந்து ஆட வேறென்ன வேண்டும். ஏவி துளை இருக்கிறதா என்று பார்த்து எடுங்கள். இல்லாவிட்டால் ஆன்டெனா வழியாகச் சேனல் தேட வேண்டும். ஒரிஜினல் ஃபேமிகாம் இந்த விஷயத்தில் தொந்தரவு. அது ஜப்பானின் 1, 2 சேனல்களில் மட்டும் படம் அனுப்பும், நம் டிவிகள் பொதுவாக அங்கே நிற்காது. மெக்கானிக்கிடம் கொடுத்து உள்ளிருந்து ஏவி வயர் இழுக்கச் சொல்வதுதான் வழி.

படக்குழாய் டிவியை மட்டும் நீங்களே திறக்காதீர்கள். குழாயின் முதுகில் ஒட்டியிருக்கும் ரப்பர் மூடிக்குக் கீழே இருபதாயிரம் வோல்ட் அளவுக்கு ஏறியிருக்கும், பிளக்கைப் பிடுங்கிய பிறகும் வெகு நேரம் தங்கலாம். அது தொழில் தெரிந்தவர் வேலை.

டிஸ்க் பெட்டிகள்

பிளேஸ்டேஷன் 1-இன் முதல் மாடல்களில் லென்ஸ் ஓடுகிற பிளாஸ்டிக் தேய்ந்து படிக்கத் திணறும். பெட்டியைத் தலைகீழாகக் கவிழ்த்து வைத்து ஆடியவர்கள் ஊருக்கு நாலு பேர் இருப்பார்கள். பிளேஸ்டேஷன் 2 வாங்கும்போது ஒரு டிவிடி, ஒரு சிடி இரண்டையும் போட்டுப் பாருங்கள். இரண்டையும் படித்தால்தான் லென்ஸ் நலம். நீல அடிப்பகுதி உள்ள டிஸ்க் என்றால் அது சிடி.

எப்படி வைப்பது

சிலிக்கா ஜெல் பொட்டலத்துக்குக் காசு கொடுக்காதீர்கள். திருப்பூரில் எக்ஸ்போர்ட் கம்பெனியில் வேலை பார்க்கிற சொந்தக்காரர் ஒருவராவது உங்களுக்கு இருப்பார். மூடி இறுகும் பிளாஸ்டிக் டப்பாவில் நாலு பொட்டலம் போட்டு, வருஷத்துக்கு ஒரு தடவை மாற்றுங்கள். வால்பாறை அடிவாரம், பொள்ளாச்சி மாதிரி ஈரம் தங்கும் ஊர் என்றால் ஆறு மாதத்துக்கு ஒரு தடவை.

வயரை ரப்பர் பேண்டால் கட்டாதீர்கள், சித்திரை வெயிலில் உருகி ஒட்டிக்கொள்ளும். வயர் தெர்மோகோலில் படும்படியும் வைக்காதீர்கள். வயர் மேலுறையில் இருக்கும் எண்ணெய்ப் பசை தெர்மோகோலைக் கரைத்து, இரண்டும் ஒன்றாகிவிடும். ரிமோட் வயரைப் பெட்டியைச் சுற்றி இறுக்கிச் சுற்றும் பழக்கத்தையும் விடுங்கள். பேட்டரி போடும் செங்கல் கேமில் செல்லைக் கழற்றிய பிறகே உள்ளே வையுங்கள்.

வெள்ளைப் பெட்டி மஞ்சளானால் ஹைட்ரஜன் பெராக்சைடு பூசி வெயிலில் வைத்து வெளுக்க வைக்கும் வித்தை ஒன்று இருக்கிறது. செய்து பார்த்தேன். ஒரு பக்கம் வெள்ளை, ஒரு பக்கம் தேமல் மாதிரி ஆகிவிட்டது. அதன் பிறகு விட்டுவிட்டேன். முப்பது வருஷம் இருந்த பெட்டி மஞ்சளாகத்தான் இருக்கும்.

நோட்டு ஒன்று போடுங்கள்

நாற்பது பக்க நோட்டு போதும். பெட்டி எந்த ஊரிலிருந்து, யார் வீட்டிலிருந்து வந்தது, எந்தக் கடையில் எந்த வருஷம் வாங்கியதாகச் சொன்னார்கள், என்ன விலை, வந்தபோது என்ன கோளாறு, என்ன மாற்றினேன். ஒரிஜினல்களுக்கு மாடல் எண்ணும் வருஷமும் உலகம் பூராவும் எழுதி வைத்திருக்கிறார்கள். நம் ஊர் நகல்களுக்கு அப்படி ஒன்றும் இல்லை, கொடுத்தவர் வாயால் சொன்னதுதான். அவர் சொன்ன வார்த்தையிலேயே எழுதுங்கள், அன்றைக்கே எழுதுங்கள்.

என் நோட்டில் போன தை மாதத்துப் பதிவு இப்படி இருக்கிறது: 'தாராபுரம். டெர்மினேட்டர் 2, ஒரு ரிமோட், துப்பாக்கி உண்டு, அடாப்டர் இல்லை. பெண்ணுக்குக் காது குத்தியபோது மாமன் வாங்கிக் கொடுத்தது என்றார். 7805 மாற்றினேன். உள்ளே பல்லி முட்டை ஓடு இரண்டு. டாங்க் கேம் ஓடுகிறது.'